கல்லுடைப்பவனின் பாட்டு யாருக்குச் சொந்தம்? – கார்ல் நீல்சனை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

தேசங்கள் தங்கள் கலைஞர்களைக் கொண்டாடுவதில் ஒரு வரிசைமுறை இருக்கிறது. முதலில் அவனை ஒரு குடிசையில் பிறக்க வைப்பார்கள். அப்புறம் அந்தக் குடிசையைச் சுற்றியிருக்கிற வயலும் மரமும் பறவையும் அவன் வாய் வழியாகப் பாடியதாகச் சொல்வார்கள். கடைசியில் அவன் முகத்தைப் பணத்தாளில் அச்சடிப்பார்கள். டேனிஷ் இசையமைப்பாளரும் இசை நடத்துநருமான கார்ல் நீல்சனுக்கு (1865–1931) இந்த மூன்றும் நடந்தன. 1999இல் வெளிவந்த 100 குரோன் நோட்டில் அவர் முகம் இருந்தது. 2010இல் புதிய வரிசை வந்தது. 2025 மே மாதத்தோடு பழைய நோட்டு செல்லாமலும் போய்விட்டது. நோட்டு செல்லாமல் போனாலும் கதை இன்னும் செல்லுபடியாகிக்கொண்டுதான் இருக்கிறது.

2006இல் டேனிஷ் அரசு 'பண்பாட்டு நியதி' என்ற பெயரில் ஒரு பட்டியலை வெளியிட்டது. ஒவ்வொரு டேனிஷ்காரரும் அறிந்திருக்க வேண்டிய படைப்புகள் என்று சில பிரதிகளைப் பொறுக்கி எடுத்து வைத்த பட்டியல் அது. நீல்சனின் 'மாஸ்கராத' ஓபராவும் நான்காம் சிம்பொனியும் அதில் இடம்பெற்றன. பட்டியலுக்குப் பொறுப்பான அமைச்சர், 2005இல் தன் கட்சி மாநாட்டில் முஸ்லிம் குடியேறிகளின் பண்பாட்டை எதிர்த்துப் போராட வேண்டும் என்று பேசியவர். ஆக, 'நம்முடையது எது' என்ற பட்டியல் 'நம்மில் சேராதவர் யார்' என்ற பட்டியலையும் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தது.

நீல்சனைப் பற்றிய ஆதிக்கக் கதையாடல் மூன்று சொற்களில் நிற்கிறது: மண்ணின் மைந்தன், எளிமை, தேசத்தின் குரல். இந்த மூன்றையும் அவருடைய வாழ்க்கையோடு வைத்து உரசிப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. அவரைக் கவிழ்ப்பது நோக்கமல்ல. தூக்கிப் பிடிப்பதும் அல்ல. மக்களுக்காகப் பாட்டெழுதுகிறோம், மெட்டுப் போடுகிறோம் என்று கிளம்புகிற எல்லாருக்கும் உறைக்க வேண்டிய ஒரு சங்கதி அவரிடம் இருக்கிறது.

2

முதலில் மண்ணின் மைந்தன்.

டென்மார்க் என்றால் நமக்குத் தரங்கம்பாடிக் கோட்டைதான் நினைவுக்கு வரும். அந்தத் தரங்கம்பாடியை 1845இல் டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதற்கு முன்பே, 1814இல், நார்வே அவர்கள் கையைவிட்டுப் போயிருந்தது. 1864இல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நடந்த போரில் ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளும் பறிபோயின. பேரரசாக இருந்த ஒன்று சுருங்கிச் சின்ன நாடாகிவிட்டது. அடுத்த வருடம், 1865 ஜூன் 9 அன்று, ஃப்யூன் தீவில் ஓடென்சே நகருக்குத் தெற்கே இருந்த ஒரு சிற்றூரில் நீல்சன் பிறந்தார். வெளியே இழந்ததை உள்ளே தேடிக்கொள்வது என்று ஒரு தேசம் முடிவெடுத்திருந்த காலம் அது. அந்த 'உள்ளே' என்பதற்குக் கிராமம், விவசாயி, பாட்டு என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். கிராமத்திலிருந்து ஒரு கலைஞன் வருவதற்கு முன்பே அவனுக்கான நாற்காலி தயாராக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் நீல்சனின் அப்பா நிலம் வைத்திருந்த விவசாயி அல்ல. வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிற கூலிக்காரர். கல்யாணம், விருந்து என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் வயலினும் கார்னெட்டும் வாசித்துக் காசு வாங்குகிற ஊர் இசைக்காரர். பன்னிரண்டு பிள்ளைகளில் கார்ல் ஏழாவது. சின்ன வயதில் வாத்து மேய்த்திருக்கிறான், அப்பாவோடு கல்யாண வீடுகளில் வாசித்திருக்கிறான். அந்த வீட்டில் இசை என்பது ஆன்ம வெளிப்பாடு எல்லாம் இல்லை. அடுத்த வேளைச் சோற்றுக்கான வழிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

பையனை ஒரு கடைக்காரரிடம் வேலை பழக அனுப்பினார்கள். கடை திவாலானது. வீட்டுக்குத் திரும்பி வந்தான். 1879இல், 14 வயதில், ஓடென்சேயில் இருந்த 16ஆம் பட்டாளத்தின் பேண்டில் சேர்ந்தான். ஊதுகொம்பும் ஆல்ட்டோ டிராம்போனும் வாசிக்கிற வேலை. உடம்பில் சீருடை. ஆக, 'மண்ணின் மைந்தன்' இசையைத் தொழிலாகக் கற்றுக்கொண்ட முதல் இடம் வயல்வெளி இல்லை, பட்டாளம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓடென்சேயில் சிலர் பண உதவி செய்ய, 1884இல் கோபன்ஹேகன் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1889இல் ராயல் தியேட்டரின் இசைக்குழுவில் இரண்டாம் வயலின் வேலை கிடைத்தது. 16 வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வயலின் என்பது மெட்டைத் தாங்கிக்கொடுக்கிற இடம். கேட்பவர்களின் காது அங்கே போவதில்லை. 1894 மார்ச்சில் அவருடைய முதல் சிம்பொனி அரங்கேறியது. நடத்தியவர் நார்வேக்காரரான யோஹான் ஸ்வென்சன். சிம்பொனியை எழுதிய ஆள் எங்கே இருந்தார்? வழக்கம்போல இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்து, தான் எழுதியதைத் தானே வாசித்துக்கொண்டிருந்தார். கைதட்டல் எழுந்தபோது அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்து வணங்கினார். மேதை என்ற பிம்பமும் இசைத் தொழிலாளி என்ற யதார்த்தமும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் தெரிந்த அபூர்வமான தருணம் இது. வாழ்க்கை வரலாறுகள் இதை ஒரு சுவையான துணுக்காக மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோவது சும்மா இல்லை.

1901இல் அரசு அவருக்கு வருடம் 800 குரோன் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. 1905இல் வயலின் நாற்காலியை விட்டார். 1908இல் அதே தியேட்டரில் இசை நடத்துநராகத் திரும்பி வந்தார். நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வில்லை இழுத்தவன் இன்று கையில் கோலோடு எதிரே நிற்கிறான். அங்கேயும் இரண்டாம் இடம்தான். முதன்மை நடத்துநரின் இடம் காலியானபோது அது இன்னொருவருக்குப் போனது. 1914இல் நீல்சன் விலகினார். அடுத்த வருடத்திலிருந்து 1927 வரை கோபன்ஹேகன் இசைச் சங்கத்தின் நிகழ்ச்சிகளை நடத்தினார். மண்ணிலிருந்து முளைத்து வந்த குரல் என்று சொல்கிறவர்கள் இந்தச் சம்பளக் கணக்கையும் நாற்காலி வரிசையையும் பேசமாட்டார்கள். பேசினால் அவருடைய இசை ஊற்று அல்ல, உழைப்பு என்பது தெரிந்துபோகும்.

3

அடுத்தது எளிமை.

யெப்ப ஓக்யேர் என்ற கவிஞர் சாலையோரத்தில் கல்லுடைக்கிற யென்ஸ் என்கிற கிழவனைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். ஊருக்கெல்லாம் சாலை போடுவதற்காக வாழ்நாள் முழுக்கக் கல்லை உடைத்தவனுக்கு, செத்த பிறகு தலைமாட்டில் நட ஒரு கல் கிடைக்கவில்லை, இற்றுப்போன பலகைதான் நிற்கிறது என்பது அதன் சாரம். 1907இல் நீல்சன் இதற்கு மெட்டுப் போட்டார். ஒவ்வொரு கண்ணிக்கும் அதே மெட்டு திரும்பத் திரும்ப வரும். பாட்டு கோபன்ஹேகன் தெருக்களில் கைப்பெட்டி சுற்றி வாசிக்கிறவர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சிம்பொனி கேட்கப் போகாதவர்களுக்கும் நீல்சனைத் தெரிய வைத்தது இந்தப் பாட்டுதான்.

இது தற்செயலாக நடந்தது இல்லை. தேவாலய இசையைச் சீர்திருத்த வேண்டும் என்று வாதாடிய தாமஸ் லௌப் என்பவரோடு சேர்ந்து, 1915இலும் 1917இலும் இரண்டு தொகுதிகளாக டேனிஷ் பாடல்களுக்கு மெட்டமைத்து வெளியிட்டார். 1922இல் லௌப், ஓலுஃப் ரிங், தோர்வால் ஓகோர் ஆகியோருடன் சேர்ந்து மக்கள் உயர்பள்ளிகளுக்கான மெட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். இந்த உயர்பள்ளிகள் குருண்ட்விக் என்ற பாதிரியாரின் சிந்தனையிலிருந்து வந்தவை. முதலாவது 1844இல் ரோடிங் என்ற ஊரில் தொடங்கியது. பரீட்சை கிடையாது. விவசாய வீட்டு இளைஞர்கள் வந்து தங்குவார்கள், தாய்மொழியில் வரலாறு கேட்பார்கள், சேர்ந்து பாடுவார்கள். டேனிஷ் விவசாயிகள் கூட்டுறவு கட்டியதிலும் அரசியலுக்கு வந்ததிலும் இந்தப் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே பள்ளிகள்தான் 'நாம் டேனிஷ் மக்கள்' என்ற உணர்வைப் பாட்டு வழியாகத் தொண்டைக்குள் இறக்கிய நிறுவனங்களும். விடுதலையும் ஒழுங்குபடுத்தலும் ஒரே வகுப்பறையில் நடந்தன.

அந்த எளிமை எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்பார்கள். உண்மையில் நீல்சனும் லௌப்பும் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் யோஹான் ஷுல்ஸ். அவர் ஒரு ஜெர்மானியர். 1782இல் 'மக்கள் தொனியில் பாடல்கள்' என்று ஒரு தொகுப்பை வெளியிட்டவர். 1787 முதல் 1795 வரை கோபன்ஹேகனில் அரண்மனை இசைத் தலைவராக இருந்தவர். புதிய மெட்டு ஒன்றைக் கேட்கிறவனுக்கு அது ஏற்கனவே தெரிந்த மெட்டு மாதிரித் தோன்ற வேண்டும் என்பது அவருடைய கோட்பாடு. 'ஏற்கனவே தெரிந்தது போலத் தோன்றுவது' என்பதுதான் இதில் சூட்சுமம். பழையது என்கிற தோற்றத்தைப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். டேனிஷ் ஆன்மாவின் எளிமை என்று சொல்லப்படுவது ஒரு ஜெர்மானியக் கோட்பாட்டைக் கற்று, திருத்தித் திருத்திச் செதுக்கிய கைவேலை. 'மாஸ்கராத' என்கிற 'தேசிய ஓபரா'வும் அப்படித்தான். 1906இல் அரங்கேறிய அந்த ஓபராவுக்கு மூலம் ஹோல்பர்க்கின் நாடகம். ஹோல்பர்க் பிறந்தது நார்வேயின் பெர்கன் நகரில். தேசியம் என்று சொல்லப்படுவதைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் எல்லை தாண்டி வந்த ஆட்கள்தான் உள்ளே இருக்கிறார்கள்.

இங்கே கிராம்சி சிறைக் குறிப்புகளில் சொன்ன ஒன்று உதவும். மக்கள் பாடல்களை மூன்றாகப் பிரிக்கும் ஒரு பகுப்பை அவர் எடுத்துக்கொள்கிறார்: மக்களே மக்களுக்காக ஆக்கியவை, மக்களுக்காக வேறு யாரோ ஆக்கியவை, மக்களும் ஆக்காமல் மக்களுக்கென்றும் ஆக்காமல், தங்கள் எண்ணத்துக்கும் உணர்வுக்கும் ஒத்துப்போவதால் மக்கள் தாமாக எடுத்துக்கொண்டவை. எல்லா மக்கள் பாடலையும் இந்த மூன்றாவது வகையாகத்தான் பார்க்க வேண்டும் என்கிறார் கிராம்சி. அதாவது பாட்டு எங்கே பிறந்தது என்பது இரண்டாம்பட்சம். யார் அதை எடுத்துக்கொண்டார்கள், எதற்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதே கேள்வி. 'கல்லுடைக்கும் யென்ஸ்' பாட்டைத் தெருக்கள் எடுத்துக்கொண்டன. பிறகு பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. பிறகு தேசம். ஒவ்வொரு கை மாறும்போதும் யென்ஸின் பசி கொஞ்சம் குறைந்து, பாட்டின் இனிமை கொஞ்சம் கூடிக்கொண்டே போனது. எடுத்துக்கொள்வதற்கும் பறித்துக்கொள்வதற்கும் இடையில்தான் பண்பாட்டு மேலாண்மை வேலை செய்கிறது.

4

மூன்றாவது, தேசத்தின் குரல். இதில்தான் நீல்சனே ஒத்துழைத்தார், நீல்சனே முரண்டும் பிடித்தார்.

1906இல் கோடைக்கால மேடை நிகழ்ச்சி ஒன்றுக்காக, டேனிஷ் ஆண்மகனை அழைத்துப் பாடும் தேசபக்திப் பாட்டுக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்தார். பாட்டு அமோக வெற்றி. அடுத்த வருடம்தான் யென்ஸ் வந்தான். தேசத்தின் பெருமையையும் தேசம் கைவிட்டவனையும் ஒரே கை எழுதியது. 1914இல் ஐரோப்பா முழுக்கப் போர் மூண்டது. டென்மார்க் நடுநிலை வகித்தது. அந்த வருடம் ஸ்வீடனில் இருந்த இசையமைப்பாளர் நண்பர் பெக்மனுக்கு நீல்சன் எழுதிய கடிதத்தில், உயர்ந்தது அழகானது என்று நினைத்திருந்த தேசிய உணர்வு இப்போது மூளையைத் தின்னும் பால்வினை நோய் மாதிரி ஆகிவிட்டது என்ற பொருளில் எழுதுகிறார். தேசியத்துக்குப் பாட்டுக் கட்டிய ஒருவரிடமிருந்து இவ்வளவு கடுமையான வார்த்தை! அந்த வருடங்களில்தான் நான்காம் சிம்பொனியை எழுதினார். பெயர் 'அணைக்க முடியாதது'. 1916 பிப்ரவரியில் அரங்கேறியது. அதன் கடைசிப் பகுதியில் இரண்டு ஜோடி டிம்பானி முரசுகள் மேடையின் இரு பக்கத்திலிருந்தும் மோதிக்கொள்ளும்.

இத்தோடு திருந்திவிட்டார் என்று முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் வாழ்க்கை அப்படி இல்லையே. 1920இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் வடக்கு ஷ்லெஸ்விக் டென்மார்க்கோடு மீண்டும் சேர்ந்தது. அதைக் கொண்டாட எழுதப்பட்ட 'தாய்' என்ற நாடகத்துக்கு இசை கேட்டார்கள். கொடுத்தார். அதில் ஒன்று டேனிஷ் கொடியைப் பாடும் பாட்டு. அதே நாடகத்தில் புல்லாங்குழலுக்கும் ஹார்ப்புக்கும் எழுதிய சின்னத் துண்டு ஒன்று இருக்கிறது. மூடுபனி விலகுவதைச் சொல்வது. அதில் கொடியும் இல்லை, எல்லையும் இல்லை.

அடுத்து, 1922 ஜனவரியில் அவரே நடத்தி அரங்கேற்றிய ஐந்தாம் சிம்பொனி. அதன் முதல் பகுதியில் ஒரு சின்ன முரசு, பட்டாளத்து அணிவகுப்பில் தட்டுவார்களே அந்த முரசு, குறுக்கே புகுகிறது. இசைக்குழு போகிற காலப்பிரமாணத்துக்கு அது கட்டுப்படாது. தனக்கென்று ஒரு வேகம் வைத்துக்கொண்டு தட்டும். ஒரு கட்டத்தில், இசைக்குழு முன்னே போவதை எப்பாடுபட்டாவது நிறுத்தப் பார்ப்பது போல உன் இஷ்டத்துக்கு வாசி என்று முரசுக்காரருக்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார் நீல்சன். நடத்துநரின் கோலுக்கு அடங்காத ஒரு ஒலியை நடத்துநரே எழுதி உள்ளே விடுகிறார். 1924இல் ஸ்டாக்ஹோமில் இது வாசிக்கப்பட்டபோது கூட்டத்தில் ஒரு பகுதி பொறுக்க முடியாமல் எழுந்து வெளியேறியது.

அந்த முரசு எங்கிருந்து வந்தது? அது போர்தான் என்று விமர்சகர்கள் சொன்னதுண்டு. இருக்கலாம். எனக்கு 14 வயதில் சீருடை மாட்டிக்கொண்டு கொம்பு ஊதிய பையனும் நினைவுக்கு வருகிறான். பட்டாளத்தின் தாளம் அவன் உடம்புக்குள் ஏறிய தாளம். அது சோறு போட்ட தாளமும்கூட. தன்னை ஆளாக்கிய ஒலியையே இசையின் எதிரியாக நிறுத்திப் பார்க்கிறது ஐந்தாம் சிம்பொனி. கொடிப் பாட்டு எழுதியவர் தன் கொடிப் பாட்டுக்கு எழுதிய மறுப்பாக இதை வாசிக்க இடமிருக்கிறது. அவர் அப்படி நினைத்து எழுதினாரா என்பது முக்கியமில்லை, பிரதி அப்படிப் பேசுகிறது. இந்த வாசிப்பைப் பள்ளிப் பாட்டுப் புத்தகம் தராது. நான்காம் சிம்பொனியைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்ட அரசும் தராது.

பாட்டுகளின் பின்கதை இன்னும் சிக்கல். 1924இல் நீல்சன் மெட்டமைத்த வானம்பாடிக் கூடு பற்றிய பாட்டு, டேனிஷ் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடுவது. எழுதியவர் ஹரால்ட் பெர்க்ஸ்டெட். 1940இல் நாஜிப் படை டென்மார்க்கை ஆக்கிரமித்தது. மக்கள் சேர்ந்து பாடுவதையே ஒரு எதிர்ப்பாக ஆக்கிக்கொண்டார்கள். அந்த வருடம் செப்டம்பர் 1 அன்று நாடு முழுக்கச் சுமார் 7 லட்சம் பேர் கூடி டேனிஷ் பாட்டுகளைப் பாடினார்கள். அதே ஆக்கிரமிப்புக் காலத்தில் பெர்க்ஸ்டெட் நாஜி ஆதரவுப் பத்திரிகையில் எழுதினார். போர் முடிந்ததும் அதற்காகச் சிறைக்குப் போனார். கூட்டைக் கண்டுபிடித்து யாரிடமும் சொல்லாமல் காக்கிற குழந்தையைப் பாடியவர் செய்த வேலை இது. மெட்டு இருவருக்கும் பொது. மெட்டுக்குத் தானாக ஒரு அரசியல் இருப்பதில்லை. பாடுகிற வாய்தான் அதற்கு அரசியலைக் கொடுக்கிறது.

5

இந்த மூன்று சொற்களிலும் அடங்காத ஒன்று அவருடைய வீடு. ஆன் மரீ புரோடர்சன் ஒரு சிற்பி. யுட்லாந்து விவசாயக் குடும்பத்துப் பெண். 1891இல் பாரிசில் சந்தித்து, அதே வருடம் ஃபுளோரன்சில் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1908இல் அரசர் ஒன்பதாம் கிறிஸ்தியானின் குதிரைச் சிலையை வடிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. பெண் ஒருவருக்கு அப்படிப்பட்ட வேலை கிடைப்பது அன்று கேள்விப்படாதது. 1927இல்தான் சிலை திறக்கப்பட்டது. 1916இல் பெண் கலைஞர்களுக்கான சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். வேலைக்காக மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே தங்கினார். அது கணவருக்குக் குறையாகவே இருந்தது. நீல்சனுக்கு வேறு உறவுகள் இருந்தன, திருமணத்துக்கு வெளியே பிள்ளைகளும் உண்டு. 1914 வாக்கில் வீடு உடைந்தது. பல வருடம் பிரிந்திருந்து 1922இல்தான் மீண்டும் சேர்ந்தார்கள்.

இதை வம்பாகச் சொல்லவில்லை. அவருடைய சிம்பொனிகளில் உயிர், இயக்கம், அணையாத ஆற்றல் என்று பேசுகிற விமர்சனம், பக்கத்து அறையில் இன்னொரு ஆற்றல் எதனோடு மல்லுக்கட்டியது என்று கேட்பதில்லை. 'அணைக்க முடியாதது' எழுதப்பட்ட வருடங்களில் அந்த வீட்டில் அணைக்காமல் காக்கப்பட்டது யாருடைய நெருப்பு என்பது நியாயமான கேள்வி. ஆன் மரீ தன் நெருப்பைத் தானே காத்துக்கொண்டார்.

6

1925இல் நீல்சனின் 60ஆம் பிறந்தநாளை நாடே கொண்டாடியது. தீப்பந்த ஊர்வலம் எல்லாம் நடந்தது. சில மாதம் கழித்து ஒரு நாளிதழ் பேட்டியில் அவர் சொன்னது கொண்டாடியவர்களுக்குப் புரிந்திருக்காது. மறுபடி ஒரு வாழ்க்கை கிடைத்தால் கலை என்ற நினைப்பையே விரட்டிவிட்டு ஒரு வியாபாரியிடமோ வேறு பயனுள்ள தொழிலிலோ வேலை பழகப் போய்விடுவேன், அதில் பலனைக் கண்ணால் பார்க்கலாம் என்றார். கசப்பு, நோய், வயது என்று காரணம் சொல்லலாம். எனக்கு அது திவாலான கடையிலிருந்து வீடு திரும்பிய பையன் பேசுகிற மாதிரி இருக்கிறது. தேசம் 'மேதை' என்று கூப்பிடும்போது அவர் தொழிலாளியாகப் பதில் சொல்கிறார்.

1931இல் தான் படித்த இசைக் கல்லூரிக்கே இயக்குநரானார். அந்த வருடம் அக்டோபர் 3 அன்று செத்துப்போனார். கோபன்ஹேகனில் அவருக்கு 1939இல் நினைவுச்சின்னம் திறந்தார்கள். குதிரை மேல் உட்கார்ந்து குழலூதும் ஆடையில்லாத இளைஞன். வடித்தவர் ஆன் மரீ. ஆக, யென்ஸுக்கு மெட்டுப் போட்டவருக்குச் சிலை கிடைத்துவிட்டது. யென்ஸுக்கு இன்னும் இற்றுப்போன பலகைதான்.

நீல்சன் மக்களை நேசித்தாரா, தேசத்துக்கு விலைபோனாரா என்று தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. இரண்டும் அவருக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தன. சண்டையை அவர் மறைக்கவில்லை, ஐந்தாம் சிம்பொனியில் காது கேட்கும்படி வைத்துவிட்டுப் போனார். நமக்கான கேள்வி வேறு. ஒரு பாட்டை எல்லாரும் பாடத் தொடங்கியதும் நாம் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அது எந்த வாயிலிருந்து எந்த வாய்க்குப் போகிறது, போகிற வழியில் யாருடைய பசி அதிலிருந்து கழற்றி விடப்படுகிறது என்று கடைசிவரை கூடவே நடந்து போய்ப் பார்க்கிற பொறுப்பு அப்போதுதான் தொடங்குகிறது. கல்லுடைப்பவனின் பாட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழகாகப் பாடும்போது, அந்தச் சாலை யார் போட்டது என்று ஒரு பிள்ளையாவது கேட்க வேண்டும். அதைக் கேட்க வைக்காத எளிமை எளிமை இல்லை, மறதி.